சீட்டை ரெண்டு விரக்கடை ஏத்திப் பாருங்க: பாம்பன் காத்துல தெனமும் சைக்கிள் மிதிக்கிறவங்களுக்கு முழு வழிகாட்டி

ராமேஸ்வரம் தீவுல இருக்குற தங்கச்சிமடத்துல இருந்து மண்டபத்துக்கு தெனமும் சைக்கிள்லதான் வேலைக்குப் போயிட்டு வர்றேன், பாம்பன் பாலத்தைத் தாண்டி. ஆரம்பிச்ச புதுசுல மூணு மாசம் முட்டி வலி உயிரை எடுத்துருச்சு. படி ஏறுனா வலி, சம்மணம் போட்டு உக்காந்து எந்திரிச்சா வலி. வீட்டுல எல்லாரும் ஒரே பாட்டுதான், "இந்த வயசுல உனக்கு எதுக்கு சைக்கிளு, ஒரு பழைய வண்டிய வாங்கி ஓட்ட வேண்டியதுதான". நானும் தைலம் தேய்ச்சேன், மெத்துனு ஒரு ஜெல் கவர் வாங்கி சீட்டுல மாட்டுனேன், அப்புறம் ஒரு கடையில பேசிப் பேசியே சோபா மாதிரி அகலமா ஒரு சீட்டை தலையில கட்டுனாய்ங்க, அதுவும் மாட்டுனேன். முட்டி வலி அப்படியே இருந்துச்சு, கூடவே தொடை உராய்ஞ்சு புண்ணும் வந்துச்சு, அதான் மிச்சம்.

ஒரு நாள் பாம்பன்ல பஞ்சர் ஒட்ட நின்னப்ப அந்தக் கடைக்காரர், நல்ல வயசானவர், நான் வண்டிய ஓட்டிட்டு வந்ததைப் பாத்துட்டே இருந்தாரு போல. "தம்பி, நீங்க சைக்கிள் ஓட்டல, மணையில உக்காந்துட்டு மிதிக்கிறீங்க"ன்னு சொல்லிட்டு ஸ்பேனரை எடுத்து சீட்டை ரெண்டு விரக்கடை ஏத்தி விட்டாரு. பத்து நாள்ல முட்டி வலி பாதியாச்சு. அதுக்கு அப்புறம்தான் இதுல என்னதான் கணக்கு இருக்குன்னு தேடிப் படிச்சு, என் வண்டியிலயும் அக்கா வண்டியிலயும் மாத்தி மாத்திப் பாத்து கத்துக்கிட்டது எல்லாம் கீழ இருக்கு.

எல்லாரும் சீட்டை ஏன் எறக்கி வச்சிருக்கோம்

நம்ம ஊருல முக்காவாசிப் பேரு குரங்கு பெடல் போட்டு பழகுனவங்க. பாருக்கு அடியில காலை விட்டு ஓட்டி, அப்புறம் பார் மேல உக்காந்து, கடைசியாத்தான் சீட்டுக்கு வந்தோம். வந்ததும் மொத ஆசை என்னன்னா, உக்காந்த எடத்துல இருந்தே ரெண்டு காலும் தரையில ஊணணும். விழுந்துருவோமோங்கிற அந்தப் பயம் நாப்பது வயசானாலும் போறதில்ல, சீட்டும் ஏறுறதில்ல. ஆனா உக்காந்தபடியே ரெண்டு பாதமும் முழுசா தரையில படுதுன்னா அந்த சீட்டு உங்களுக்கு ரொம்பக் கீழ இருக்குன்னு அர்த்தம். ஒவ்வொரு மிதிக்கும் முட்டி ரொம்ப மடங்கும், மடங்குன முட்டியோட பலம் குடுத்து அமுக்கும்போது முட்டிச் சில்லுக்குப் பின்னாடி அழுத்தம் ஏறும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல மிதிக்கிறோம், அம்புட்டும் முட்டியிலதான் போய் நிக்கும்.

அதனால மொதல்ல நிக்கிற பழக்கத்தை மாத்தணும், ஸ்பேனரை அப்புறம் எடுக்கலாம். நிறுத்தும்போது ஒரு பெடலை கீழ விட்டு அதுல பாரத்தைப் போட்டு, சீட்டுல இருந்து முன்னாடி எறங்கி, இன்னொரு காலை தரையில வைங்க. பார் உங்க ரெண்டு காலுக்கு நடுவுல இருக்கும். கெளம்பும்போது ஒரு பெடலை மேல கொண்டாந்து, ஏறி மிதிச்சு, அந்த வேகத்துலயே சீட்டுல உக்காரணும். கோயில் மைதானத்துலயோ ஆளில்லாத தெருவுலயோ ஒரு சாயங்காலம் இருவது தடவை செஞ்சு பாத்தா கைவந்துரும். இது வராம சீட்டை ஏத்துனீங்கன்னா பஸ் ஸ்டாண்டு நெரிசல்ல கீழ விழுவீங்க, அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

பிரேம் உங்களுக்கு சரியா

இதை நீட்ட வேணாம். பாருக்கு மேல ரெண்டு காலையும் ஊணி நின்னா நடுவுல ரெண்டு மூணு சென்டி இடைவெளி இருக்கணும். பழைய கருப்பு சைக்கிள் 22 இன்ச், 24 இன்ச்னு வரும், குட்டையா இருக்கவங்க 24-ஐ வச்சுட்டு மல்லுக்கட்டுறதுல பிரயோசனமே இல்ல. பார் சாஞ்சு இருக்குற லேடீஸ் சைக்கிள்ல இந்தப் பிரச்சினை கெடையாது, ஆம்பளைங்க அதை ஓட்டுறதுல ஒரு கௌரவக் கொறைச்சலும் இல்ல, கைலி கட்டிட்டு ஏறி எறங்க அதை விட சுகம் கெடையாது.

சீட்டு உயரம்: இதுதான் பாதி வேலை

சுவத்துல முதுகை ஒட்டி நில்லுங்க, ஓட்டும்போது என்ன செருப்பு போடுவீங்களோ அதையே போட்டுக்கங்க. ஒரு கெட்டி அட்டை புஸ்தகத்தை ரெண்டு காலுக்கும் நடுவுல வச்சு, சீட்டுல உக்காந்தா எப்படி அழுந்துமோ அந்த அளவு மேல அழுத்துங்க, புஸ்தகத்தோட மேல் விளிம்புல இருந்து தரை வரைக்கும் டேப் வச்சு அளங்க. எனக்கு 78 சென்டி வந்துச்சு.

இந்த அளவை வச்சு ரெண்டு கணக்கு ரொம்ப நாளா பொழக்கத்துல இருக்கு. ஒண்ணு, 0.883-ஆல பெருக்குறது, வர்றது கிராங்க், அதான் பெடலைத் தாங்குற தண்டு, சுத்துற நடு அச்சுல இருந்து சீட்டு மேல் வரைக்கும் உள்ள உயரம், மூணு தடவை டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேஸ் ஜெயிச்ச கிரெக் லெமாண்ட் பேர்ல வழங்குற கணக்கு. இன்னொண்ணு 1967-ல ஹாம்லி, தாமஸ்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க சொன்னது, 1.09-ஆல பெருக்குனா கீழ நிக்கிற பெடலோட அச்சுல இருந்து சீட்டு மேல் வரைக்கும். என் 78-க்கு மொத கணக்குல 69 சென்டி, ரெண்டாவதுல 85. கிராங்க் நீளம் 17 சென்டிய கழிச்சா 68. ஒரு சென்டி வித்தியாசம், அவ்ளோதான், ரெண்டும் ஒரே எடத்துக்குத்தான் கூட்டிட்டுப் போகுது. ஆனா இதெல்லாம் ரேஸ்காரங்க கணக்கு, நாம எருமை மாடு குறுக்க வந்தாலும் மீன் கூடைக்காரம்மா குறுக்க வந்தாலும் பொசுக்குனு நிறுத்தணும், அதனால அதுல ஒரு சென்டி, ஒண்ணரை சென்டி கொறச்சு வச்சுக்கங்க.

டேப்பும் வேணாம் கணக்கும் வேணாம்னா குதிகால் முறை இருக்கு. சைக்கிளை சுவத்தோரம் நிறுத்தி ஒரு கையால சுவத்தைப் பிடிச்சுட்டு சீட்டுல நேரா உக்காருங்க. பெடலை கீழ விட்டு, அதுல குதிகாலை வைங்க. கால் நேரா நீண்டு, இடுப்பு ஒரு பக்கம் சாயாம இருந்தா உயரம் சரி. அப்புறம் ஓட்டும்போது குதிகாலால மிதிக்க மாட்டோம், பெருவிரலுக்குப் பின்னாடி பாதம் அகலமா இருக்குமே அந்த எடத்தாலதான் மிதிப்போம், அப்ப முட்டி தானா கொஞ்சம் மடங்கி நிக்கும். கோணமானி வச்சுப் பாக்குறவங்களுக்கு, கீழ் மிதியில அந்த மடக்கு 25-ல இருந்து 35 டிகிரிக்குள்ள இருக்கணும்.

இதுல நம்மாளுங்க ரெண்டு எடத்துல ஏமாறுவாய்ங்க. ஒண்ணு செருப்பு. வெறுங்கால்ல அளந்துட்டு தடிமனான ரப்பர் செருப்பு போட்டு ஓட்டுனா ஒண்ணரை ரெண்டு சென்டி காணாமப் போகும், சீட்டு எறங்குன மாதிரி ஆயிரும். ரெண்டாவது, நடுப்பாதத்தால மிதிக்கிற பழக்கம். செருப்பு நழுவுதுன்னு பாதத்தோட நடுக் குழியை பெடல்ல வச்சு மிதிக்கிறவங்க நெறய பேரு, அவங்களுக்கு சீட்டு கொஞ்சம் தாழ்வாத்தான் வேணும். பின்னாடி வார் வச்ச செருப்பு போட்டா இந்த வம்பே இல்ல.

ஏத்தும்போது ஒரேயடியா ஏத்தாதீங்க. எனக்கு அந்தப் பெரியவர் ரெண்டு விரக்கடை ஏத்துனது அம்புட்டு கீழ இருந்ததால. அதுக்கு அப்புறம் மாத்துனதெல்லாம் அரை சென்டி, அரை சென்டியாத்தான். அரை சென்டி ஏத்தி நாலஞ்சு நாள் ஓட்டுங்க, ஒடம்பு என்ன சொல்லுதுன்னு பாருங்க, அப்புறம் அடுத்த அரை சென்டி. உயரம் கூடிப் போச்சுங்கிறதுக்கு அடையாளம் இடுப்பு ரெண்டு பக்கமும் உரல் ஆட்டுற மாதிரி ஆடும், பின்னாடி யாரையாவது வரச் சொல்லி பாக்கச் சொல்லுங்க, நமக்கே தெரியாது. முட்டிக்குப் பின்பக்கம் இழுத்துப் பிடிச்சாலும் உயரம் அதிகம்னு வச்சுக்கலாம்.

சீட்டு பில்லர்ல, அதான் சீட்டைத் தாங்குற குழாய்ல, ஒரு கோடு போட்டிருக்கும், அந்தக் கோடு வெளிய தெரியுற அளவுக்கு ஏத்தக்கூடாது. கோடு இல்லாத பழைய பில்லரா இருந்தா கொறைஞ்சது ஆறேழு சென்டி உள்ள இருக்கணும், மேல் பார் வந்து சேர்ற எடத்தையும் தாண்டி கீழ போயிருக்கணும். பத்தலைன்னா நீள பில்லர் கேட்டு வாங்குங்க, பெரிய காசு ஒண்ணும் ஆகாது.

சீட்டு முன்ன பின்ன, சாய்வு

உயரம் சரியானதும் கிராங்க் ரெண்டும் தரைக்குப் படுக்கையா, ஒண்ணு முன்னாடி ஒண்ணு பின்னாடி நிக்கிற மாதிரி வைங்க. முன் கால் முட்டிச் சில்லுக்குக் கீழ இருக்குற எலும்பு மேட்டுல இருந்து ஒரு நூல்ல நட்டைக் கட்டி தொங்கவிடுங்க, கொத்தனார் தூக்குக்குண்டு மாதிரி. நூல் பெடல் அச்சு மேல விழுந்தா நல்ல ஆரம்பம். இது கல்வெட்டு இல்ல, கருப்பு சைக்கிள்ல சீட்டு கம்பியே பின்னாடி நல்லா சாஞ்சிருக்கும், நூல் அச்சுக்குப் பின்னாடிதான் விழும், அதுவும் நிமிந்து உக்காந்து நிதானமா போறதுக்கு நல்லாத்தான் இருக்கு. முன்னாடி ரொம்பத் தள்ளி வச்சாத்தான் தொல்லை, முட்டிக்கும் பாரம், கைக்கும் பாரம். கை எட்டலைன்னு சீட்டை முன்னாடி இழுக்குறது எல்லாரும் செய்யற தப்பு, கை எட்டலைன்னா ஹேண்டிலைத்தான் மாத்தணும்.

சாய்வு தட்டையா இருக்கணும். சீட்டு மேல ஒரு ஸ்கேலை நீளவாக்குல வச்சுப் பாருங்க. சீட்டு மூக்கு, அதான் முன் முனை, மேல தூக்கி இருந்தா முன்னாடி மர்ம எடத்துல அழுத்தி மரத்துப் போகும், மூக்கு கீழ கவுந்திருந்தா வழுக்கி வழுக்கி முன்னாடி வருவீங்க, அந்த வழுக்கலைக் கையால தாங்கித் தாங்கி மணிக்கட்டு போயிரும். ஒண்ணு ரெண்டு டிகிரி மூக்கு கீழ இருக்கலாம், அதுக்கு மேல வேணாம்.

சீட்டு அகலத்துக்கு ஒரு வேடிக்கையான வழி இருக்கு. அட்டைப்பெட்டி அட்டைய கிழிச்சு ஒரு கெட்டி ஸ்டூல்ல போட்டு, அது மேல ஒரு நிமிஷம் உக்காந்து, பாதத்தை லேசா தூக்குங்க. எந்திரிச்சுப் பாத்தா ரெண்டு குழி விழுந்திருக்கும், அது நம்ம உக்காரும் எலும்பு. குழிக்கு குழி நடு அளவோட ரெண்டு மூணு சென்டி கூட்டுங்க, நிமிந்து ஓட்டுறவங்க இன்னும் கொஞ்சம் கூட்டிக்கலாம். சீட்டோட பின்பக்கம் அந்த அகலம் இருந்தா போதும். மெத்து மெத்துனு இருக்குறதை நம்பாதீங்க. கடையில அமுக்கிப் பாக்க சுகமா இருக்கும், அரை மணி நேரம் ஓட்டுனா எலும்பு உள்ள பொதைஞ்சு நடு எடம் மேல எழும்பி குத்தும். நான் தலையில கட்டிக்கிட்டேன்னு சொன்னேனே அந்த சோபா சீட்டு, இப்ப அக்கா வீட்டு திண்ணையில பூனைக்கு மெத்தையா இருக்கு.

ஹேண்டில்

தெனசரி போயிட்டு வர்ற வண்டிக்கு ஹேண்டில் பிடி சீட்டு உயரத்துக்கு சமமா, இல்லாட்டி நாலஞ்சு சென்டி மேல இருந்தா போதும். பிடிச்சா முழங்கை லேசா மடங்கி இருக்கணும், தோள் காது வரைக்கும் ஏறக்கூடாது. கம்பி மாதிரி கை நீட்டிக்கிட்டு இருந்தா ரோட்டுல இருக்குற ஒவ்வொரு பள்ளமும் நேரா கழுத்துக்குப் போகும்.

பழைய மாடல்ல ஹேண்டிலுக்கு நடுவுல ஒரே போல்ட் நிக்கும். அதை மூணு நாலு சுத்து தளர்த்திட்டு, மேல ஒரு மரக்கட்டைய வச்சு சுத்தியால ஒரு தட்டு தட்டுனா உள்ள இருக்குற ஆப்பு விட்டுரும், அப்புறம் மேல தூக்கலாம். இதுலயும் எல்லைக் கோடு உண்டு, தாண்டாதீங்க. கம்பி பிரேக் வச்ச சைக்கிளா இருந்தா ஹேண்டில் ஏறுன அளவுக்கு பிரேக் கம்பியையும் சரி பண்ணணும், மறந்தா பிரேக் கட்டை ரிம்மைப் பிடிச்சு உரசிட்டே இருக்கும், பாலத்து ஏத்தத்துல போயி தெரிஞ்சுக்காதீங்க. முறுக்குன பெறகு முன் சக்கரத்தை ரெண்டு முட்டிக்கு நடுவுல இடுக்கி ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்க, தனியா திரும்பக்கூடாது. புது மாடல்ல ஸ்டெம்முக்குக் கீழ, அதான் ஹேண்டிலைப் பிடிச்சிருக்குற துண்டுக்குக் கீழ, வளையம் வளையமா இருக்கும், அதுல கூட்டக் கொறைக்க எடம் கம்மி, ஸ்டெம்மை தலைகீழா மாட்டுனா சில வண்டியில உயரம் கெடைக்கும், இல்லாட்டி மேல்நோக்கி சாஞ்ச ஸ்டெம் ஒண்ணு மாத்தணும்.

தடி டயர் சைக்கிள்ல நேர் ஹேண்டில் வருது, பாக்க கெத்தா இருக்கும், ஆனா தெனமும் ஓட்டுறவனுக்கு மணிக்கட்டு வளைஞ்சே இருக்கும். பால்காரர் சைக்கிள்ல இருக்குற, நம்ம பக்கமா வளைஞ்சு வர்ற ஹேண்டில்தான் கைக்கு எதமானதுன்னு நான் சொல்லுவேன். பிரேக் பிடியையும் பாருங்க, முக்காவாசி வண்டியில கடையில மாட்டுனபடியே படுக்கையா இருக்கும். அதோட நட்டை தளர்த்தி, விரலை நீட்டுனா முன்கை, மணிக்கட்டு, விரல் மூணும் ஒரே கோட்டுல வர்ற மாதிரி கீழ திருப்பி விடுங்க. சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப் போகுதுன்னா உள்ளங்கையோட வெளி ஓரத்துல நரம்பு அழுந்துது, ஹேண்டிலை ஏத்தி சீட்டு மூக்கைப் பாருங்க, பிடியை இறுக்கிப் பிடிக்காதீங்க.

காத்து

இனிமே சொல்லப்போறது கடக்கரைக்காரங்களுக்கு. பாம்பன் ரோட்டுப் பாலம் 1988-ல தெறந்தது, ரெண்டேகால் கிலோமீட்டருக்கும் மேல, நடுவுல தூக்கி இருக்கும். கச்சான், அதான் தென்மேற்குக் காத்து, அடிக்கிற காலத்துல காலையில மண்டபம் போகும்போது இடது பக்கம் மன்னார் வளைகுடாவுல இருந்து மூஞ்சியிலயும் தோள்லயும் அறையும், சாயங்காலம் அதே காத்து தள்ளிட்டு வந்து வீட்டுல விட்டுரும். வடகிழக்குல இருந்து வர்ற வாடை காலத்துல அப்படியே தலைகீழ், களைச்சுத் திரும்பும்போதுதான் எதுத்து அடிக்கும்.

காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும். நீங்க 15 கிலோமீட்டர் வேகத்துல போறீங்க, எதிர்காத்து 20 அடிக்குதுன்னா ஒடம்புல மோதுறது 35. காத்தில்லாத நாளை விட அஞ்சு மடங்குக்கு மேல எதிர்ப்பு. நிமிந்து உக்காந்தா நம்ம நெஞ்சுதான் பாய்மரம். அதுக்காக ஹேண்டிலை எறக்கிறாதீங்க, வருசத்துல பாதி நாளைக்காக மீதி நாளும் கழுத்து வலியோட ஓட்ட முடியாது. முழங்கையை நல்லா மடக்கி, இடுப்புல இருந்து குனிஞ்சு, நெஞ்சை ஒரு ஜாண் எறக்குங்க, பிடியை முன்னாடி வளைவுல மாத்திப் பிடிங்க. பாலம் ஏறி எறங்குற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் இந்த நெலை, மண்டபம் பக்கம் எறங்குனதும் பழையபடி நிமிந்துக்கலாம். கியர் இருந்தா லேசான கியருக்கு எறக்குங்க, வேகத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க, நிமிஷத்துக்கு அறுவது எழுவது சுத்து சீரா மிதிங்க. பல்லைக் கடிச்சுட்டு கனமான கியர்ல அமுக்குனா முட்டி மறுபடி பழைய கதைதான்.

பக்கக்காத்துல கை வெறைச்சுப் பிடிக்காதீங்க, பஸ்ஸோ லாரியோ பக்கத்துல தாண்டும்போது ஒரு நொடி காத்து மறைஞ்சு பட்டுனு திரும்ப அடிக்கும், வெறைச்ச கைதான் வண்டிய இழுத்துட்டுப் போகும். ஹேண்டில்ல பெரிய பை தொங்கவிடுறதும் அப்படித்தான், சாப்பாட்டுப் பையையும் தண்ணியையும் பின்னாடி கேரியர்ல கட்டிருங்க. பாலத்து இரும்பு ஜாயிண்ட் மேல ஈரமா இருந்தா திருப்பாம, பிரேக் அடிக்காம, சீட்டுல இருந்து லேசா எழும்பி நேரா தாண்டுங்க.

துணி, டயர், உப்பு

ஜீன்ஸ் நடுத்தையல் உக்காரும் எடத்துலதான் வரும், வேர்வையோட சேர்ந்தா அறுத்துரும். காட்டன் பேன்ட்டோ கைலியோ நல்லது, வேட்டிய மடிச்சுக் கட்டும்போது சுருட்டு சீட்டுக்கு அடியில வராமப் பாத்துக்கங்க. அக்கா சேலையில ஓட்டுது, பின் சக்கரத்துக்கு வலை மாட்டி, சீட்டை ஏத்தி, முட்டி ஹேண்டில்ல இடிக்காம செஞ்சதுக்கு அப்புறம் முதுகு வலின்னு சொல்றதில்ல.

டயரைக் கல்லு மாதிரி அடிச்சு வச்சா பாதி சுகம் போச்சு. பக்கவாட்டுல காத்தழுத்தம் எவ்வளவு பிஎஸ்ஐன்னு எழுதியிருக்கும், அந்த வரம்புக்குள்ள நடுவுல வைங்க, முன் டயர்ல பின் டயரை விட கொஞ்சம் கொறவா. ரொம்பக் கொறச்சாலும் பள்ளத்துல ட்யூப் கடிபடும். கருவேல முள்ளு எப்படியும் குத்தத்தான் செய்யும், அதுக்கு காத்தை ஏத்தி பிரயோசனம் இல்ல.

நம்ம பக்கம் உப்புக்காத்துல சீட்டு பில்லர் பிரேமுக்குள்ள துருப்பிடிச்சு ஒட்டிக்கும், அப்புறம் ஏத்தவும் முடியாது எறக்கவும் முடியாது, அடிச்சு எடுக்கப் போனா பிரேமே போகும். ரெண்டு மாசத்துக்கு ஒருதடவை பில்லரை வெளிய உருவி, துணியால தொடைச்சு, கிரீஸ் தடவி மறுபடி போடுங்க. ஹேண்டில் தண்டுக்கும் அதே மருந்து.

கிரீஸ் போடுறதுக்கு முன்னாடி உயரத்தை குறிச்சு வச்சுக்கங்க. நான் பில்லர்ல அக்காவோட நகப்பாலிஷை வாங்கி ஒரு செவப்புக் கோடு போட்டிருக்கேன். அக்கா மகன் ஞாயித்துக்கெழமை வண்டிய எடுத்துட்டு அக்னி தீர்த்தம் வரைக்கும் போவான், போகும்போது சீட்டை அடி வரைக்கும் எறக்கிருவான், கேட்டா "கால் எட்டல மாமா"ம்பான். திங்கக்கெழமை காலையில ஸ்பேனரை எடுத்து செவப்புக் கோடு வரைக்கும் ஏத்திட்டுத்தான் கெளம்புறேன்.